மாப்பிள்ளையை விசாரித்த ரமேஷ்

எனக்கொரு வியாதி உண்டு. யாரைக் கண்டாலும் கேள்வி கேட்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற மனிசி இறங்குவதற்குள் அவவின் பிள்ளைகளின் சாதகம் வரைக்கும் என் கைக்கு வந்துவிடும். இந்த வியாதியால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

சமாதான ஒப்பந்தம் முறிந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த நேரம். எனக்கு இருபத்தைந்து வயது. கிரான் என்ற ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டார் நாட்டில் வேலை. பெண் பார்க்க வந்த அவருடைய தாய், "இன்டர்நெட்டிலயும் எழுதுறான் புள்ள, 'கிரான்குருவி' எண்டு பேராம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனா. (மாமி அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கலாம்.)

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் கிணற்றில் குளித்து, எங்கள் கூரைக்குக் கீழே படுக்கப்போகிற ஆளை விசாரிக்க வேண்டாமா? அடுத்த நாளே புளியந்தீவில் ஒரு நெட் கஃபேக்குப் போனேன். குருவி எழுதுகிற தமிழ் இணையக் கருத்துக்களத்தைத் தேடிப் பிடித்து, 'ரமேஷ், கொழும்பு' என்று பதிந்துகொண்டேன். பெண் பெயரில் கேட்டால் ஒரு மாதிரி நினைப்பாரே என்ற அடக்கம்தான்.

அவர் இறால் கறி வைப்பது எப்படி என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே கேட்டேன்: "குறட்டை விடுவீங்களா?"

"இல்லையென்று நினைக்கிறேன். அறையில் இருக்கிறவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்."

"கோபம் வந்தால் சோற்றுக் கோப்பையை எறிவீங்களா?"

"எறிந்தால் நான்தானே கூட்டியள்ள வேண்டும்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. உண்மையாகவே பிடித்துவிட்டது. அதோடு ஒரு கவலையும் வந்தது. இவர் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டால் புருஷன் இல்லாத அந்த மாமி தனியாக என்ன செய்வா? உடனே தட்டினேன்: "கிரானில் உங்கள் வீடு எந்தப் பக்கம்? இரவில் அம்மாவோடு யார் இருக்கிறது? நீங்கள் ஊருக்கு எப்போது வருகிறீர்கள்?"

ஆட்களைக் கடத்திப்போகிற வெள்ளை வானைக் கண்டால் சனம் கதவைச் சாத்திய காலம் அது. அந்தக் காலத்தில்தான் கொழும்பு ரமேஷ் இப்படிக் கேட்டான்.

பத்து நிமிஷத்தில் களம் கொதித்தது. "இவன் ஆள் பிடிக்கிறவன்", "குருவி, வாய் திறக்காதே" என்று நாலு நாட்டிலிருந்தும் எழுதினார்கள். ரமேஷைத் தடைசெய்து வெளியே போட்டார்கள். மரியாதை தெரியாத கூட்டம் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். (அவ்வளவு அறிவு எனக்கு.)

மூன்றாம் நாள் மாமி ஒரு உடுப்புப் பையோடு வந்து நின்றா. அம்மாவிடம் சொன்னா:

"மச்சாள், கொழும்பில ஆரோ ரமேஷாம், எங்கட வீட்ட விசாரிக்கிறானாம். மகன் போன் எடுத்து அழுறான். ரெண்டு ராவா நான் கண் மூடல்ல. சித்தாண்டிக்குத் தங்கச்சிர வீட்ட போறன். இந்தக் கலியாணம் வேணாம். உங்கட புள்ளைக்கும் ஆபத்து வந்திரும்."

வாயை மூடிக்கொண்டு இருந்தால் கல்யாணம் போகும். திறந்தால் மானமும் சேர்ந்து போகும். ஆனால் அந்தப் பையைப் பார்த்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. வெட்கத்தில் செத்துக்கொண்டே சொன்னேன்.

"மாமி, ரமேஷ் நான்தான்."

"எந்த ரமேஷ்?" என்றார் அப்பா. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. விளக்குமாறைத் தேடினா.

எல்லாவற்றையும் ஒப்பித்து முடித்தேன். மாமி என் பக்கம் திரும்பினா.

"ராவில என்னோட ஆரு இருக்கிற எண்டு ஏன் புள்ள கேட்ட?"

"அவர் இஞ்ச வந்தா நீங்க தனிச்சிருவீங்களே, மாமி."

மாமி பையைக் கீழே வைத்தா. "நான் பெத்த மகன் ஒரு நாளும் இதக் கேட்டதில்ல" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

கல்யாணம் நடந்தது. எங்கள் ஊரில் மாப்பிள்ளை மட்டும்தான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். எனக்கு மாமியும் சேர்ந்து வந்தா.

இன்றைக்கும் என் கணவர் செருப்பைப் போடும்போது "எங்க போறீங்க, எப்ப வருவீங்க?" என்று கேட்டால் போதும். உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்: "அம்மா, ரமேஷ் வந்திட்டான். சித்தாண்டிக்கு வெளிக்கிடுங்க."