முகச்சாடை

ஃப்ரீஸர் நின்றுபோய்விட்டது. அதுவும் இன்றைக்கென்று பார்த்து.

ஆய்வகத்தில் எல்லோரும் 'ஜீன் அக்கா' என்று கூப்பிடும் அவள், அதன் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே மூன்று வருட மாதிரிகள் இளகிக்கொண்டிருந்தன. அவளுடைய ஆராய்ச்சி தொடரலாமா, இழுத்து மூடலாமா என்று முடிவு சொல்ல வெளியூரிலிருந்து ஒரு நிபுணர் இன்று வருகிறார். உருகி வழிந்ததை அவரிடம் காட்டினால் அவ்வளவுதான், கடையைக் கட்ட வேண்டியதுதான்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"கால் சுளுக்கிக்கிச்சும்மா. என் தம்பிய அனுப்புறேன்."

"அவருக்கு இந்த வேலை தெரியுமாண்ணே?"

"என் கூடப் பொறந்தவன்மா! தெரியாம இருக்குமா?"

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் நின்றது. அதே வழுக்கை, அதே கிளிமூக்கு, அதே தொங்குமீசை. தோளில் கனமான பை வேறு.

"வாங்கண்ணே, வாங்க! அச்சு அசல் உங்க அண்ணனேதான்!"

"எந்த அண்ணன்? நான் வந்தது..."

"தெரியும், எல்லாம் போன்ல பேசியாச்சு. முதல்ல இதைப் பிடிங்க." மேஜை டிராயரிலிருந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

இன்டர்காம் அலறியது. ஆபீஸ் உதவியாளர்.

"மேடம், நிபுணர் வந்துட்டார். டைரக்டர் ரூம்ல காபி குடிக்கிறார். வாயே திறக்கலை, எல்லாத்துக்கும் தலையாட்டுறார். ரொம்பப் பெரிய மனுஷன் போலிருக்கு."

அவள் இன்டர்காமை வைத்துவிட்டு ஃப்ரீஸர் பக்கம் ஓடினாள்.

"சீக்கிரம்ணே!"

"இதுல எதைத் திருகணும்?"

"என்னைக் கேட்டா? உங்க ரத்தத்துலயே இருக்குமே!"

அவர் தயங்கித் தயங்கிக் கண்ணில் பட்டதைத் திருகினார். அலாரம் ஊளையிட ஆரம்பித்தது. அதை நிறுத்த இன்னொன்றைத் திருகினார். அடியிலிருந்து தண்ணீர் கொட்டி இருவர் செருப்பையும் நனைத்தது. பொறுக்கமாட்டாமல் அவளே பிளக்கைப் பிடுங்கி வேறு சாக்கெட்டில் செருகினாள். பட்டென்று ஒரு சத்தம். மாடி முழுக்க இருட்டு.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மூணு வருஷம்ணே. எல்லாம் போச்சு."

"அழாதீங்கம்மா. அப்படி என்னதான் உள்ளே வெச்சிருக்கீங்க?"

கேட்க ஆள் கிடைத்தால் அவள் விடுவாளா? மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"ஒரு ஜீன் என்ன வேலை செய்யுதுன்னு தெரியலைன்னு வெச்சுக்கங்க. அதோட சொந்தக்காரங்களைத் தேடுவோம். வேற உயிர்கள்ல அதே வம்சத்து ஜீன் என்ன வேலை பார்க்குதோ, இதுவும் அதையேதான் பார்க்கும்னு ஊகிக்கலாம்."

"சரி, ஒரு ஜீன் ரெண்டு பிரதி ஆயிட்டா? ரெண்டும் ஒரே வேலையா செய்யும்?"

பரவாயில்லையே, அண்ணனைவிட விவரமாக இருக்கிறாரே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"அங்கதான் சிக்கல். ஒண்ணு பழைய வேலையிலேயே இருக்கும், இன்னொண்ணு புதுத் தொழிலுக்குப் போயிடலாம். அதனாலதான் வெறும் சாடையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாதுங்கறேன். யார் எந்த வழியில வந்தாங்கன்னு வம்சாவளி போட்டுப் பார்த்துட்டுத்தான் வாயைத் திறக்கணும். என் ஆராய்ச்சியே அதுதான்."

"சாடையைப் பார்த்து ஏமாறவும் ஆள் இருக்காங்களா?"

"ஐயோ, எத்தனை மடச்சாம்பிராணிங்க!"

அவர் வழுக்கையில் ஒட்டியிருந்த கிரீஸைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

ஆபீஸ் உதவியாளர் டார்ச்சோடு மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மேடம், டைரக்டர் உங்க ஆராய்ச்சியைப் பத்தி ஆதியோடந்தமா எடுத்துச் சொல்லிட்டார். நிபுணர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்."

அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். "என்ன கேட்டார்?"

"'எல்லாம் சரிங்க, ரிப்பேர் பண்ண வேண்டிய ஃப்ரீஸர் எங்க இருக்கு?'ன்னு கேட்டார்."