சாக்கடை மேப்பில் யானம்

பாண்டியில் கம்ப்யூட்டரில் வரைபடம் போடக் கற்றுக்கொண்டவர்களிலேயே, பாதாளச் சாக்கடை மேப்பிலும் சொந்த ஊரைச் சேர்த்த ஒரே ஆள் எங்கள் யானம்தான். ஊர் யானம், அதனால் ஆளும் யானம். நிஜப் பெயர் முதலாளிக்கு மட்டும் தெரியும்.

இரண்டாயிரத்துகளின் தொடக்கம் அது. நெல்லித்தோப்பில் ஓர் அரிசிக்கடை மாடியில் சின்ன ஆபீஸ். ஜி.ஐ.எஸ். என்கிற அந்தக் கம்ப்யூட்டர் வரைபட வேலையைப் பழக நானும் அவரும் ஒன்றாகச் சேர்ந்தோம். பயிற்சி முடிவில் ஒழுங்காக ஒரு லேஅவுட் போட்டுக் காட்டினால் வேலை. இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லேஅவுட் என்றால் தயாரான படத்தைத் தாளில் உட்கார வைப்பது. தலைப்பு, அளவுகோல், நிறங்களின் விளக்கம், வடக்கு காட்டும் அம்பு எல்லாவற்றுக்கும் இடம் பார்க்க வேண்டும். என் முதல் மேப்பில் அம்பு, யூனிவர்சிட்டி இருக்கும் காலாப்பட்டையே மறைத்துவிட்டது.

"யூனிவர்சிட்டிய எங்கய்யா காணோம்?" என்றார் முதலாளி.

"அம்புக்குக் கீழ இருக்கு சார்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

யானம் என்னைவிடச் சுத்தமாகப் போடுவார். ஆனால் கீழ்மூலையில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். அதற்குள் ஓர் ஆறு, ஒரு தெரு, அவர் வீடு. தவளக்குப்பம் ரோட்டைப் போடச் சொன்னாலும் மூலையில் யானம் எட்டிப் பார்க்கும்.

"நெல்லித்தோப்பு சாக்கடைக்கு யானம் எதுக்குய்யா?"

"அதுவும் பாண்டிதான சார்?"

முதலாளியால் மறுக்க முடியாது. எங்கள் புதுச்சேரி நாலு துண்டாகச் சிதறிக் கிடக்கிற ஊர். அதில் யானம் எங்கோ ஆந்திரக் கரையில் இருக்கிறது.

ஒருநாள் டீக்கடையில் கேட்டேவிட்டேன். "ஏண்ணே இந்தப் பிடிவாதம்?"

"எங்க ஸ்கூல்ல பாண்டி மேப் மாட்டியிருந்தாங்க தம்பி. எடம் பத்தலன்னு யானத்த விட்டுட்டாங்க. தெனம் அதுக்கு முன்னாடிதான் ப்ரேயர். எங்க ஊர்லயே நின்னுகிட்டு எங்க ஊரத் தேடுவேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்று டீக்காசை நான்தான் கொடுத்தேன்.

கடைசி நாள் வந்தது. "இன்னைக்குப் பெட்டி இருந்துச்சு, நேரா ஊருக்கு பஸ் ஏறிடு" என்று முதலாளி சொல்லிவிட்டார். யானமும் பெட்டியை அழித்தார். மேப் அம்சமாக இருந்தது. ஆனால் அந்தக் காலி மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அளவுகோலை அங்கே நகர்த்தினார், திரும்பப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"அப்பிடியே குடுத்துடுங்கண்ணே. ஒரு மேப்தான?" என்று கெஞ்சினேன்.

"எங்க ஸ்கூல் மேப்பப் போட்டவங்களும் அப்பிடித்தான் நெனச்சிருப்பாங்க" என்றார்.

பிரிண்டரிலிருந்து தாள் பெட்டியோடுதான் வந்தது. முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். எனக்கு வேலை கிடைத்தது, யானத்துக்குக் கிடைக்கவில்லை. நான்தான் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் விட்டேன்.

"அம்ப சின்னதாப் போடு தம்பி. வடக்கு எங்கயும் ஓடிடாது" என்று சொல்லிவிட்டு, சென்னை வழியாக ஊருக்குப் போக பஸ் ஏறினார்.

அடுத்த வருஷம் ஆபீசுக்குக் குழலில் சுருட்டிய மேப் ஒன்று கூரியரில் வந்தது. யானம் டவுன் முழுக்க, ஒரு சந்து விடாமல். போட்டது யாரென்று கேட்கவே வேண்டாம். கீழ்மூலையில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் நெல்லித்தோப்பு, எங்கள் தெரு, அரிசிக்கடை, அதன் மாடி.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "யானத்து மேப்புக்கு நெல்லித்தோப்பு எதுக்குய்யா?" குரலில் பழைய கோபம் இல்லை.

"அதுவும் அவர் ஊருதான சார்" என்றேன்.

அவர் செலோ டேப்பைத் தேடியெடுத்து, தன் நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் தானே அதை ஒட்டினார்.

யானத்துக்கு நான் இன்றுவரை போனதில்லை. ஆனால் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் விட்டாலும் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்பேன்.