இரண்டில் மட்டும் சுற்றாத ஃபான்

இனி இந்தக் காரை எந்த மெக்கானிக்கும் தொடக்கூடாது என்று அருளையா முடிவெடுத்த அன்றே, காருக்குக் கெட்ட காலம் தொடங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அவர் பார்த்தது சங்கக்கடை மனேஜர் வேலை. அங்கே அவர் கையால் கழற்றிப் பூட்டிய ஒரே இயந்திரம் தராசு. அதுவும் பிறகு நிறுக்கவில்லை. ஆனால் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, தொண்ணூற்றாறில் ஒரு பழைய சிவப்புக் காருக்குச் சொந்தக்காரர் ஆனதும், அவருக்குள் ஓர் எஞ்சினியர் பிறந்துவிட்டார். பிறக்காமலே இருந்திருக்கலாம்.

அருளையாவுக்குக் கார் தேவையே இல்லை. அவர் சம்பளத்துக்குப் பராமரிக்கும் கிழவரின் வீடு, அவர்கள் குடியிருந்த அல்பெர்கேரியாவிலேயே, மூன்று ஒழுங்கை தள்ளி. கார் தேவைப்பட்டது மனைவி ஞானம்பிகைக்கு. கடற்கரைப் பக்கம் மொண்டெல்லோவில் ஒரு சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டைத் துடைக்க, விடிய எழும்பி இரண்டு பஸ் மாறி, மழையில் தெப்பமாக நனைந்து போவாள். செவ்வாயும் வியாழனும் வேலை முடிய, கன்னியாஸ்திரிகள் நடத்தும் இத்தாலியன் வகுப்பு வேறு. ஏற்றிக்கொண்டுபோய் விடச் சொல்லிக் கேட்டால், "கடல் காத்துக்குக் கார் துருப்பிடிக்கும்" என்பார். மனைவி துருப்பிடிப்பதை அவர் கணக்கெடுக்கவில்லை.

ஆயுத பூசைக்கு மட்டும் குறை வைக்கவில்லை. பன்னீரில் கரைத்த சந்தனத்தை ஸ்டியரிங், கியர், கதவு எல்லாவற்றுக்கும் வழிய வழியப் பூசினார். ஹீற்றர் ஃபானின் திருகிக்கும் விசேஷ கவனிப்பு: நட்டநடுவே, இரண்டு என்று எழுதியிருந்த இடத்தில், பெரிய பொட்டு.

குளிர் வந்தது. ஃபான் ஒன்றில் சுற்றியது. மூன்றில் சுற்றியது. இரண்டில் செத்துக் கிடந்தது. ஒன்றில் போட்டால் கண்ணாடியில் பிடித்த ஆவி போகாது. மூன்றில் போட்டால் பக்கத்தில் இருப்பவர் கத்தினாலும் கேட்காது.

"பிரான்காச்சோவிலை ஒரு மெக்கானிக் இருக்கிறாராம். காட்டுவமே?" என்றாள் ஞானம்பிகை.

"உனக்கு மிசினைப் பற்றி என்ன தெரியும்? இது பியூஸ்."

"பியூஸ் போயிருந்தால் ஒண்டும் மூண்டும் எப்பிடிச் சுத்துது?"

அருளையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு பியூஸை மாற்றினார். ஒன்று சுற்றியது. மூன்று சுற்றியது.

அடுத்த ஞாயிறு, வேகத்தைக் குறைக்கிற ரெசிஸ்டரை மாற்றினார். அதற்கடுத்த ஞாயிறு மோட்டாரையே வெளியே எடுத்துக் குளிப்பாட்டினார். நாலாம் ஞாயிறு காரின் முன்பலகை முழுவதும் தெருவில் பரவிக் கிடந்தது. பூட்டி முடிய ஏழு ஸ்க்ரூ மிஞ்சியது. அதுவரை பாடிய ரேடியோ ஊமையானது. ஃபான் இரண்டில் அசையவே இல்லை.

"அண்ணை, மிஞ்சின ஸ்க்ரூவிலை இன்னொரு கார் செய்யலாம் போலை," என்றார் பவுல். கீழ்வீட்டு மன்னார்க்காரர். நாலு ஞாயிறும் பூசை முடிந்து வந்து, கதிரை போட்டு இருந்து பார்த்தவர்.

"ரெண்டு எண்டது தேவையில்லாத ஸ்பீட்," என்றார் அருளையா.

அப்போதுதான் ஞானம்பிகை படியிறங்கி வந்தாள். "நான் ஒருக்காப் பாக்கட்டோ?"

அருளையா வயிறு குலுங்கச் சிரித்தார். "நீயோ?"

"ரெண்டிலை சுத்தினால் என்ன தருவியள்?"

"காரையே தாறன்! நாளையிலை இருந்து திறப்பு உனக்கு!"

"பவுல் கேட்டுக்கொண்டு இருக்கிறார்."

"கேக்கட்டும். இந்தப் பிள்ளையார் மேலை சத்தியம்." காருக்குள் ஒட்டியிருந்த பிள்ளையாரைத் தொட்டார். சத்தியம் செய்யும்போதே உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். லைசென்ஸ் இல்லாதவளுக்குக் கார்ச் சாவி எதற்கு? சாமிப்படத்தில் கொழுவிவைத்துக் கும்பிடட்டும்.

ஞானம்பிகை திருகியை ஒரு இழுவையில் கழற்றினாள். வேலைவீட்டில் கண்ணாடி துடைக்கிற ரோஸ் நிற ஸ்பிரிட்டில் காதுகுடையும் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து, உள்ளே விட்டுத் துடைத்தாள். குச்சி மஞ்சளாக வந்தது. இன்னொரு குச்சி. அதுவும் மஞ்சள். ஐந்தாவது குச்சி வெள்ளையாக வந்ததும் திருகியைப் பூட்டித் திருப்பினாள்.

ஒன்று. இரண்டு.

இளஞ்சூடான காற்று, சந்தன வாசத்தோடு, நேராக அருளையாவின் முகத்தில் அடித்தது. பவுல் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சரி, சரி," என்றார் அருளையா, மீசையைத் தடவிக்கொண்டு. "லைசென்ஸ் இல்லாமல் திறப்பை வைச்சு என்ன செய்யப் போறாய்?"

ஞானம்பிகை சட்டைப் பைக்குள் இருந்து ரோஸ் நிறத்தில் ஒரு மடித்த கடதாசியை எடுத்து விரித்தாள். அதில் அவளுடைய படம். படத்தின் மேல் அரசாங்க முத்திரை.

"அப்ப, கன்னியாஸ்திரிகளிட்டை இத்தாலியன் படிக்கப் போனது?"

"அதுவும் படிச்சன்தான். இஞ்சை லைசென்ஸ் சோதினை இத்தாலியனிலைதானே வைக்கிறாங்கள்."

அருளையாவின் கை தானாகவே திறப்பை நீட்டியது. "சந்தனம் உள்ளுக்கை இறங்கினது உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் பொட்டு வைக்கேக்கையே தெரியும்."

"நாலு ஞாயிறு நான் தெருவிலை கிடந்து உழைச்சனே! அப்பவே சொல்லியிருக்கலாமே?"

ஞானம்பிகை திறப்பை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "அப்ப எனக்கு லைசென்ஸ் வரேல்லையே."