சாளை மணத்த தாமிரபரணி கூலர்

விமான நிலைய லவுஞ்சுகளில் கிடைக்கும் சாப்பாட்டைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. என் மகள் தன் வங்கி அட்டையைத் தேய்த்து என்னை உள்ளே அழைத்துப்போகும் போதெல்லாம், "இட்லி கல்லு மாதிரி இருக்குப்பா, ஜூஸ்ல பாதி தண்ணி" என்று குறைபட்டுக்கொண்டே இருப்பாள். நான் வாயைத் திறப்பதில்லை. கொடுத்ததைக் குனிந்து தின்றுவிட்டு, தட்டை எடுக்க வருபவரிடம் "ரொம்ப நல்லா இருந்தது" என்று ஒரு பொய்யும் சொல்லிவிட்டு வருவேன். காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் ஒரு விமான நிலையத்தில் பரிமாறப்பட்டவற்றிலேயே ஆக மோசமான பானத்தைத் தயாரித்தவன் நான். (உலகத்திலேயே என்றும் சொல்லலாம். அடக்கம் கருதி நிறுத்திக்கொள்கிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். எனக்கு இருபத்துமூன்று வயது. பாளையங்கோட்டையை அடுத்த வண்ணார்பேட்டையில் அப்பா சைவச் சாப்பாட்டுக்கடை நடத்திக்கொண்டிருந்தார். முட்டை கலந்திருக்குமோ என்ற சந்தேகத்தில் பிறந்தநாள் கேக்கைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிற குடும்பம் எங்களுடையது. நான் கோயம்புத்தூரில் ஓராண்டு ஹோட்டல் படிப்பை முடித்துவிட்டு வந்திருந்தேன். அந்த ஓராண்டில் தக்காளியை ரோஜாப்பூ போல வெட்டவும், கைத்துணியை அன்னப்பறவை போல மடிக்கவும், அப்பாவின் கடையை இளக்காரமாகப் பார்க்கவும் நன்றாகக் கற்றுக்கொண்டிருந்தேன்.

ஊருக்குக் கிழக்கே பொட்டல்காட்டில் அப்போது ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. விமானம் வருகிற நாளைவிட ஆடு மேய்கிற நாள்தான் அதிகம். அதன் மேலாளர் வெளியூர்க்காரர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர், எங்கள் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார், விமானம் இல்லாத நாளில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் கடைக்குத்தான் வருவார். ஒருநாள் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். பம்பாயிலிருந்து ஒரு காற்றாலைக் கம்பெனி முதலாளி தன் ஆட்களுடன் வருகிறார். கூடவே டென்மார்க்கிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள். காலை விமானத்தில் இறங்கி, கயத்தாறு பக்கம் காற்றாலைக்கு இடம் பார்த்துவிட்டு, மதியம் திரும்பி வந்து விமானத்துக்குக் காத்திருப்பார்கள். மொத்தம் பன்னிரண்டு பேர். முக்கியஸ்தர்கள் அறையில் அவர்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும்.

"நல்லா அமைஞ்சுட்டா அங்கேயே நிரந்தரமா கேண்டீன் வச்சுக்கலாம். மேலிடத்துல நான் பேசறேன்" என்றார்.

அப்பா ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை. "வெயில்ல வாறாவ. நல்லா மோர் குடுப்போம். சாப்பாட்டுக்குச் சொதி வச்சுருவோம்."

சொதி என்றால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு மறுநாள் வைக்கிற தேங்காய்ப்பால் குழம்பு. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு கூசியது.

"யப்பா, அது லவுஞ்சு" என்றேன்.

"அப்படின்னா?"

"பெரிய மனுசங்க ப்ளேன் ஏறதுக்கு முன்னால இருக்கிற இடம். அங்க எல்லாம் சோறு போட மாட்டாங்க. சின்னச் சின்னதா, அழகா, கையால எடுத்துச் சாப்பிடுத மாதிரி குடுப்பாங்க."

"அப்ப வயிறு எப்படிலே ரொம்பும்?"

"ரொம்பக் கூடாதுப்பா. அதுதான் மரியாதை."

(நான் அதுவரை எந்த லவுஞ்சையும் பார்த்ததில்லை. விமானத்தையே அண்ணாந்துதான் பார்த்திருக்கிறேன்.)

படிக்க வைத்த மகன் என்பதாலோ என்னவோ, அப்பா "சரி, நீயே செய்" என்று சொல்லிவிட்டார். அந்தக் கேண்டீன் கையில் வந்தால், அடுத்து மதுரை, அதற்கடுத்து சென்னை என்று அன்றே மனதுக்குள் நாலைந்து விமான நிலையங்களைக் கட்டி முடித்துவிட்டேன்.

பட்டியல் தயாரானது. வெள்ளரிக்காய் சாண்ட்விச், முக்கோணமாக. தக்காளி ரோஜா. முத்தாய்ப்பாக நானே கண்டுபிடித்த ஒரு குளிர்பானம். திராட்சைச் சாறு, பன்னீர் சோடா, அன்னாசித் துண்டு, கொஞ்சம் புதினா. அதற்குத் 'தாமிரபரணி கூலர்' என்று பெயர் வைத்து, ஆங்கிலத்தில் அழகாக ஓர் அட்டையும் எழுதினேன். எங்கள் கடையில் பரிமாறுகிற நான்கு பேருக்கும் கழுத்தில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு கறுப்பு டை கட்ட வேண்டும் என்று தையற்காரரிடம் போனேன். அவரிடம் கறுப்பில் இருந்தது குடைத்துணி மட்டும்தான். அதிலேயே தைத்துக் கொடுத்தார்.

கூலரின் சுவையைச் சரிபார்ப்பதற்காக ஒரு வாரம் தினமும் ஐந்தாறு தம்ளர் ஐஸ் போட்டுக் குடித்தேன். சுவை சரியாக வந்த அன்று எனக்கு ஜலதோஷமும் வந்தது. மூக்குத் துவாரம் இரண்டும் சிமெண்டு வைத்துப் பூசியதுபோல அடைத்துக்கொண்டது. சாம்பிராணிக்கும் சாக்கடைக்கும் வித்தியாசம் தெரியாத நிலையில்தான் அந்த முக்கியமான நாள் விடிந்தது.

காலையில் ஐஸ் வாங்கப் போனேன். ஐஸ் கம்பெனியில் இரண்டு பாளம் எடுத்து வைத்தார்கள். அந்த வெயிலில் முப்பது கிலோமீட்டர் போவதற்குள் பாதி கரைந்துவிடுமே என்று விழித்தபோது, பக்கத்தில் உவரியிலிருந்து மீன் கொண்டு வந்து இறக்கிவிட்டுத் திரும்புகிற சூசை அண்ணாச்சி வண்டியோடு நின்றிருந்தார். வண்டியில் பெரிய தெர்மோகோல் பெட்டி ஒன்று காலியாக இருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பெட்டியச் சாயங்காலம் வரைக்கும் தருவியளா?"

"தாரேன். ஆனா மீன் பெட்டில்லா? கழுவித்தான் வச்சிருக்கேன். இருந்தாலும் நீங்க சைவக்காரவுக. எலுமிச்சம்பழம் போட்டு நாலு தடவ தேய்ச்சுக்கிடுங்க, தம்பி."

நான் பெட்டிக்குள் தலையை விட்டு நன்றாக இழுத்து முகர்ந்தேன். ஒன்றுமே தெரியவில்லை. "சுத்தமாத்தான் இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். தேய்க்க நேரமில்லை. ஐஸை உள்ளே போட்டு மூடிக் கிளம்பிவிட்டேன்.

எங்கள் சமையற்காரர் ஆவுடையப்பன் அண்ணாச்சி வேறொரு வேனில் முன்பே போய்விட்டார். வேலை செய்கிறவர்கள் பசியோடு இருக்கக்கூடாது என்று, அவரிடம் ஒரு பெரிய பித்தளைப் போணி நிறையச் சோறும் இன்னொரு போணி நிறையச் சொதியும் இஞ்சித் துவையலும் ஓர் இலைக்கட்டும் அப்பா கொடுத்தனுப்பியிருந்தார். விமான நிலையத்தில் போய் இறங்கி அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம். "அத யாரு கண்ணுலயும் படாம பின்னால கொண்டு வைங்க. மணம் வந்துரப் போவுது" என்றேன். (மணத்தைப் பற்றிப் பேசியவன் யார் என்பதைக் கவனிக்கவும்.) அவர் முணுமுணுத்துக்கொண்டே தீயணைப்பு வண்டி நிறுத்துகிற கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார்.

சாண்ட்விச்சுக்கும் நல்ல காலமில்லை. பாளையங்கோட்டையில் அன்று கிடைத்தது இனிப்பு ரொட்டி மட்டும்தான். காயாமல் இருக்க ஈரத்துணி சுற்றியிருந்தேன். வெண்ணெய் உருகி, வெள்ளரிக்காய் தண்ணீர் விட்டு, திறந்து பார்த்தபோது அறுபது முக்கோணங்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய சதுரமாகியிருந்தன. கத்தியால் மறுபடியும் வெட்டிப் பிரித்தேன்.

ஓர் எவர்சில்வர் அண்டாவுக்கு வெள்ளைத்துணி சுற்றி, கூலரை ஊற்றி, ஐஸை உடைத்துப் போட்டேன். பரிமாறுகிறவர்களில் ஒருவன், "அண்ணே, இதுல..." என்று ஆரம்பித்தான். "லவுஞ்சுல நாம பேசக் கூடாது. அவங்க கேட்டாத்தான் பதில்" என்று நான் அடக்கிவிட்டேன். குடைத்துணி கழுத்தை அறுக்க, நான்கு பேரும் ஊமைகளாக நின்றார்கள்.

ஒன்றரை மணிக்கு வண்டிகள் வந்தன. செம்மண் புழுதியும் வியர்வையுமாக இறங்கினார்கள். டென்மார்க்காரர்கள் இருவரும் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தார்கள். பம்பாய் முதலாளி அறுபது வயதுக்காரர், நெற்றியில் குங்குமம். "நான் சுத்த சைவம்" என்று நுழையும்போதே ஆங்கிலத்தில் சொன்னார். "நாங்களும்தான் சார்" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

தாகத்தில் அவர் அரைத் தம்ளரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு நிறுத்தினார். தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தக் குங்குமத்துக்குக் கீழே முகம் மெல்ல மெல்ல வெளுத்துப்போவதை நான் பார்த்தேன். புதினா கொஞ்சம் கூடிவிட்டதோ என்றுதான் நினைத்தேன்.

டென்மார்க்காரரில் நெட்டையானவர் அட்டையைப் படித்துவிட்டு, "தாமிரபரணி என்றால்?" என்று மேலாளரிடம் கேட்டார்.

"எங்கள் ஆறு" என்றார் மேலாளர்.

"ஓ! அதனால்தான் மீன் ருசி!" என்று அவர் சந்தோஷமாகச் சொல்லி, இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.

'மீன்' என்ற சொல் காதில் விழுந்ததும் பம்பாய் முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். மேலாளர் பதறிப்போய், "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார். விமான நிலையத்தில் தண்ணீர் என்று கத்தினால் யார் வருவார்கள்? தீயணைப்பு அதிகாரி நம்பிராஜன் கையில் வாளியோடும், பின்னால் இரண்டு ஆட்களோடும் பாய்ந்து வந்தார். காக்கிச் சட்டை, பெரிய மீசை, அதைவிடப் பெரிய மூக்கு.

"எங்க தீ?"

"தீ இல்லப்பா. இதைப் பாரு" என்று மேலாளர் அண்டாவைக் காட்டினார்.

நம்பிராஜன் குனிந்தார். மூக்கை நீட்டி, கண்ணை மூடி, நிதானமாக ஒருமுறை இழுத்தார்.

"சாளை" என்றார்.

"இருக்காது சார்" என்று நான் மூக்கடைத்த குரலில் அலறினேன். "நாங்க சைவம்!"

"நீங்க சைவமா இருக்கலாம், தம்பி. இது சாளை. பத்து வருசம் தூத்துக்குடித் துறைமுகத்துல வேல பாத்தவன் நான். முந்தாநாள் பிடிச்ச சாளை." மறுபடியும் முகர்ந்தார். "கொஞ்சம் புதினாவும் இருக்கு."

ஒரே கணத்தில் எனக்கு எல்லாம் விளங்கியது. பெட்டி, சூசை அண்ணாச்சி பார்த்த பார்வை, ஊமையாக நின்ற நான்கு பேர். மூன்று தலைமுறை சைவக் கடைக்காரனின் மகன், நெற்றியில் குங்குமம் வைத்த ஒரு மனிதருக்கு என் கையாலேயே மீன் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். இவ்வளவு நேரம் நான் சொன்ன வேடிக்கையெல்லாம் அந்தக் கணத்தில் எனக்கு வேடிக்கையாக இல்லை. மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வெளியே ஓடினேன்.

அவரைக் காணவில்லை. தீயணைப்புக் கொட்டகைப் பக்கம் குழாயில் வாய் கொப்பளித்திருக்கிறார். சொதி மணம் அங்கேதான் அவரைப் பிடித்திருக்கிறது. நான் போனபோது, ஆவுடையப்பன் அண்ணாச்சிக்கு எதிரில் நின்று, போணியைக் கைகாட்டி இந்தியில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாச்சிக்கு இந்தி தெரியாது. ஆனால் சைவமா என்று கேட்கிறார் என்பது புரிந்து, அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சாமி, இது சுத்த சைவம்வே! இங்கன உக்காரும், முதல்ல" என்று ஓர் இலையைப் போட்டார்.

நான் கைகூப்பிக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். ஐஸ், பெட்டி, ஜலதோஷம், எல்லாம். முதலாளி இலையில் கை வைத்தார். சொதியைப் பிசைந்து ஒரு வாய், இஞ்சித் துவையலைத் தொட்டு இன்னொரு வாய். நான்காவது வாயில் தலையை நிமிர்த்தி, "பையா, இதை ஏன் உள்ளே வைக்கவில்லை?" என்று கேட்டார்.

நான் உள்ளே போய் மற்றவர்களையும் அழைத்து வந்தேன்.

கால் மணி நேரத்தில் பன்னிரண்டு பேரும் கொட்டகை நிழலில் வரிசையாகச் சம்மணமிட்டிருந்தார்கள். நெட்டை டென்மார்க்காரர் மட்டும் கால் மடங்காமல் தீயணைப்பு வண்டியின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மேலாளரும் ஓர் இலையில் உட்கார்ந்தார். விமானம் வந்து இறங்கி, புறப்பட வேண்டிய நேரமும் தாண்டி, யாரும் எழுந்திருக்கவில்லை. தேடி வந்த விமானி, "என்ன இது மணம்?" என்று கேட்டார். அவருக்கும் ஓர் இலை போட்டோம். விமானம் இருபது நிமிடம் தாமதமாகப் போனது.

எல்லாரும் போன பிறகு நான் மெதுவாக மேலாளரிடம் கேண்டீன் பேச்சை எடுத்தேன்.

"தம்பி, உங்க சாப்பாடு மோசமா இருந்தா பயணி ஓடுறான். நல்லா இருந்தா ப்ளேன் நிக்குது. ரெண்டும் விமான நிலையத்துக்கு ஆகாது" என்றார். தாமதத்துக்கு விளக்கம் எழுத அவர் உள்ளே போய்விட்டார். தொழில்நுட்பக் காரணம் என்று எழுதியதாகப் பின்னால் கேள்வி.

எங்களுக்கென்று கொண்டுவந்த சோறு தீர்ந்துவிட்டதால், திரும்பும்போது வேனில், காலியான ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்து வந்த மிச்சத்தில் பதினோரு சாண்ட்விச் தின்றேன். அதிலும் சாளை மணம் ஏறியிருந்ததாக ஆவுடையப்பன் அண்ணாச்சி சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நாளில் என் மூக்கு எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அது.

கடையில் அப்பா கல்லாவில் இருந்தார். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"சொதி எல்லாருக்கும் பத்துச்சாலே?" என்றார். அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போனோம். தரகர் சொன்ன வீட்டுக்குள் நுழைந்ததும், எதிரே அந்த மூக்கு. நம்பிராஜன்! அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"மாப்பிள்ளைய எங்கயோ பாத்திருக்கனே" என்று யோசித்தவர், சட்டென்று நிமிர்ந்தார். "பாக்கல... மோந்திருக்கேன்!"

கதை முழுவதையும் அங்கேயே, பெண்ணின் முன்னாலேயே சொன்னார். பெண் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காப்பித் தட்டு ஆடியது. அப்படிச் சிரிக்கிற பெண்ணை விடக்கூடாது என்று எனக்கும், இவ்வளவு அசட்டுத்தனம் உள்ளவன் பொய் சொல்லமாட்டான் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கல்யாணம் நடந்தது.

ஆனால் அன்று முதல் இன்று வரை, நான் எதை நீட்டினாலும் என் மாமனார் முகராமல் வாய் வைப்பதில்லை. காப்பி, மோர், வெந்நீர், டாக்டர் கொடுத்த மருந்து, எதுவானாலும் சரி. மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, ஒருமுறை இழுத்துவிட்டு, "சாளை இல்ல" என்று அறிவித்த பிறகுதான் குடிப்பார்.

போன வருடம் என் மகள் கல்யாணம். வரவேற்பில் சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க, முதல் ஆளாக இருந்த மாமனாருக்கு நான் பாயசம் கொடுத்தேன். எண்பது வயதிலும் பழக்கம் மாறவில்லை. தம்ளரை மூக்கருகே தூக்கினார், கண்ணை மூடினார், இழுத்தார், பிறகு குடித்தார். பக்கத்திலிருந்த சம்பந்தி அதைப் பார்த்தார். எங்கள் குடும்ப வழக்கம் என்று நினைத்துக்கொண்டார் போலும். அவரும் பக்தியோடு கண்ணை மூடி முகர்ந்தார். அவர் மனைவி முகர்ந்தார். மாப்பிள்ளை முகர்ந்தார். பந்தியின் கடைசி இலை வரைக்கும் அறுபது பேர், ஒருவர் பின் ஒருவராக, என் பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்கள்.