வாபஸ் வாங்க முடியாத அர்ச்சனை

"மாமா, இந்த ரெண்டு கார்ல பிள்ளையாருக்கு எது ஜாஸ்தி பிடிக்கும்?"

கேட்டவள் ஸ்மிதா. ஆறு வயது, நாணுவின் அடுத்த ஃப்ளாட்டுப் பெண். புதுக் காரில் ஒரு சவாரி கிடைக்குமே என்று அவர் மனைவி ஷ்யாமளாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். மாட்டுங்காவில் பிள்ளையார் கோயில் வாசலில், வாகன பூஜைக்காக ஒன்றன்பின் ஒன்றாக நின்ற இரண்டு கார்களையும் நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

சிரித்துவிட்டு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்திருந்தால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போயிருக்கும். நாணுவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"ரெண்டையும் சேர்த்து வெச்சுக் கேக்கறதே தப்பு. இது எங்கே, அது எங்கே!"

நியாயமான கோபம் என்றுதான் அவர் நினைத்தார். அணுசக்தி நகருக்குப் போகும் ஆபீஸ் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்டும், மற்ற நேரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரை உதைத்துமே உத்தியோகத்தை முடித்தவர் அவர். ரிடையர் ஆனதும் பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்து நாலு சக்கரத்தில் வந்து வாசலில் நின்றன. நீளமான, கறுப்பான எலெக்ட்ரிக் கார். கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். செம்பூரில் அந்த வேகத்தை எங்கே கொண்டுபோய் எடுப்பது என்று சொல்லவில்லை. தரையை ஒட்டிய வண்டி. ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அதன் வயிறு உரசியது. ஒவ்வொரு உரசலுக்கும் நாணுவின் வயிறு எரிந்தது.

முன்னால் நின்றது பூலோகத்தின் கார். தென்காசிப் பக்கத்து மனிதர், தாராவியில் வொர்க்‌ஷாப் வைத்திருப்பவர். செம்பூரில் நாணுவின் கட்டடத்திலேயே போன வருஷம் குடிவந்தவர். அதுவும் எலெக்ட்ரிக் கார்தான். ஆனால் டாக்ஸி கம்பெனி ஓட்டிக் கழித்துப்போட்ட சின்ன வண்டி. பூலோகம் அதன் ஸ்பிரிங்கை உயர்த்தி, டயரை அகலமாக்கி, மோட்டாருக்கு வேகம் கூட்டி, முன்னும் பின்னும் இரும்புக் குழாயில் தடுப்பு கார்டு வைத்து, உடம்பெல்லாம் ரத்தச் சிவப்பில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். சயான் சிக்னலில் இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கிளம்பினால், நாணு கேட்டுக்குள் நுழையும்போது பூலோகம் லுங்கிக்கு மாறி டீ குடித்துக்கொண்டிருப்பார். அந்த டீ டம்ளரைப் பார்த்தாலே நாணுவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது.

குருக்கள் மணியோடு பூலோகத்தின் கார் முன் வந்து நின்று சங்கல்பத்தைத் தொடங்கினார். நாணு அலட்சியமாகக் காது கொடுத்தார். பிறகு அலட்சியம் பறந்தது. பாரத்வாஜ கோத்திரம், உத்திராட நட்சத்திரம், நாராயணன்! அவருடைய கோத்திரம், அவருடைய நட்சத்திரம், அவருடைய முழுப்பெயர்!

"நிறுத்தும் ஓய்! யார் பேரை எந்த வண்டிக்குச் சொல்றீர்?"

குருக்கள் கற்பூரத் தட்டோடு தயங்கினார். பூலோகத்தைப் பார்த்தார். பூலோகம் தன் கால் விரல்களைப் பார்த்தார்.

"தப்பு ஒண்ணும் ஆகலை மாமா. உங்க வண்டிக்கும் இதோ பண்ணிடறேன்."

"அப்ப அங்கே போனதைத் திருப்பும்!"

"அர்ச்சனையை வாபஸ் வாங்கற வழி எனக்குத் தெரியாது மாமா."

"கோவப்படாதிய சார்," என்றார் பூலோகம். "ஒங்க பேருதானே? நல்ல பேருதானே?"

"அதை நீங்க சொல்லி நான் தெரிஞ்சுக்க வேண்டாம்!"

நாணுவின் காருக்கும் அதே பெயர், அதே நட்சத்திரம் சொல்லிப் பூஜை நடந்தது. ஆனால் ஷ்யாமளாவின் முகம் தெளியவில்லை. அவள் கணவரின் காதருகே வந்தாள்.

"ஏன்னா, முதல்ல சொன்னதுதானே ஸ்வாமி காதுல விழும்? ரெண்டாம் தடவை சொன்னா, அதான் கேட்டாச்சேன்னு இருந்துடுவாரே!"

எரிகிற அடுப்பில் நெய் விட்டதுபோல ஆயிற்று. நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மெல்ல உருட்டி நசுக்க வேண்டியதுதான். ஆனால் நாணுவின் கோபம் முழுக்க வலது காலில் இறங்கியிருந்தது. கறுப்புக் கார் எலுமிச்சம்பழங்களின் மேல் சத்தமே இல்லாமல் பாய்ந்தது. குருக்கள் மணியோடு நடைபாதையில் குதித்தார். அடுத்த சத்தம் பூலோகத்தின் இரும்பு கார்டில் கேட்டது.

சிவப்புக் காரில் குங்குமம் மட்டும் கொஞ்சம் கலைந்திருந்தது. கறுப்புக் காரின் மூக்கு விரிந்துபோயிருந்தது.

"உங்க வண்டியை யார் அங்கே நிறுத்தச் சொன்னா?"

"நின்னுக்கிட்டுத்தானே சார் இருந்துச்சு? நீங்கதானே வந்திய?"

அது உண்மையாக இருந்ததால் நாணுவுக்கு இன்னும் கோபம் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவர் மகள் வந்தனாவுக்கு நிச்சயதார்த்தம். முலுண்டில், மாப்பிள்ளை வீட்டில். உண்மையைச் சொன்னால் கார் வாங்கியதே அந்த ஒரு நாளுக்காகத்தான். மாப்பிள்ளை வீட்டார் பெரிய இடம் என்று கேள்வி. பெண்ணைப் பெற்றவன் டாக்ஸியில் போய் இறங்கி, முதல் நாளே தலை குனியக் கூடாது என்பது நாணுவின் வைராக்கியம்.

ஷ்யாமளா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "பூஜை வேற வண்டிக்குப் போயிடுத்து. இதுல ஏறி நான் சம்பந்தியாத்துக்கு வர மாட்டேன். லோக்கல் ட்ரெயின்ல வந்துடறேன்."

"பட்டுப் புடவையும் சீர்த் தட்டுமா ட்ரெயின்லயா?"

"லேடீஸ் கம்பார்ட்மெண்ட்ல இடம் குடுப்பா."

சர்வீஸ் சென்டரில் மூக்கை நிமிர்த்தி ஒட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் கண் போன்ற கருவிதான் முன்னால் வருவதைப் பார்க்கிறது, அதை மறைத்து எதையும் மாட்டாதீர்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். நாணு அப்போது பூலோகத்தை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்ததால் அது காதில் விழவில்லை.

வீட்டில் ஷ்யாமளா ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"நம்ம பேரைச் சொல்லிப் பூஜை பண்ணின எலுமிச்சம்பழமும் மிளகாயும் அந்த மனுஷர் வண்டிலதானே தொங்கறது? அது நம்மளோடதுதானே? கேட்டு வாங்கிண்டு வாங்கோ."

பூலோகத்திடம் போய்க் கேட்பதா? அதற்கு எடுத்துக்கொள்வதே மேல் என்று நாணுவுக்குத் தோன்றியது. அவர் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கமான சொசைட்டிக்கு செக்ரட்டரி. கட்டடத்தில் எந்தப் பொருளையும் பரிசோதிக்க அவருக்கு உரிமை உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பின் வாட்ச்மேன் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சிவப்புக் காரின் முன் குந்தி உட்கார்ந்து கம்பியை அவிழ்த்தார். பழமும் மிளகாயும் கைக்குள் வந்த சமயம் தலைக்கு மேலே குரல் கேட்டது.

"என்ன சார் தேடுதிய?"

"சாவி... சாவி விழுந்துடுத்து."

பூலோகம் வெறும் கம்பியைப் பார்த்தார். நாணுவின் மூடிய கையைப் பார்த்தார். ஒரு பச்சை மிளகாயின் காம்பு விரலிடுக்கில் எட்டிப் பார்த்தது.

"நல்லாத் தேடுங்க சார். கெடச்சிரும்," என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார்.

திருடன் என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் நாணுவும் திருப்பிக் கத்தியிருப்பார். பார்த்தும் பார்க்காததுபோலப் போனதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "என்ன திமிர் பார்! என்னை மன்னிக்கிறானாம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே பழத்தைத் தன் காரின் மூக்கு நடுவில், நன்றாகத் தெரியும்படி இழுத்துக் கட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை. பின்சீட்டில் வந்தனா, ஷ்யாமளா, மடியில் தட்டுகள். நாணு பிள்ளையாரை நினைத்துக் காரைக் கிளப்பினார். அது இரண்டடி நகர்ந்து, சடாரென்று தானே பிரேக் போட்டு நின்றது. திரட்டுப்பால் தட்டு முன்சீட்டுக்கு வந்தது. முன்னால் தடை இருக்கிறது என்று ஒரு பெண் குரல் இங்கிலீஷில் மிக மரியாதையாக அறிவித்தது.

மறுபடி கிளப்பினார். மறுபடி பிரேக். இந்தத் தடவை வெற்றிலையும் பாக்கும் வந்தன.

"அப்பா, அந்த எலுமிச்சம்பழம்தான் மறைக்கறது. எடுத்துடு," என்றாள் வந்தனா.

"எடுத்தா நான் இறங்கிடுவேன்," என்றாள் ஷ்யாமளா.

"எடுக்காட்டா வண்டி போகாதுடீ!"

"இருந்தாத்தான் வண்டி நல்லபடியாப் போகும்!"

கண்ணை மூடித் திறப்பதற்குள் நூறு கிலோமீட்டர் வேகம் எடுக்கும் கார், ஒரு எலுமிச்சம்பழத்தைத் தாண்ட முடியாமல் நின்றது. வந்தனா போனில் கூப்பிட்ட டாக்ஸி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேன்சல் ஆயிற்று. அடுத்ததும் அப்படியே. நாணு ஸ்டியரிங்கை அடித்தார். ஹார்ன் அலறியது. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. ஸ்மிதா பால்கனியிலிருந்து கையை ஆட்டினாள்.

சிவப்புக் கார் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்க சார். முலுண்ட்தானே? டயத்துக்குப் போயிருவோம்."

"நான் வரலை! நடந்தாவது போவேன்!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் பெண்கள் இரண்டு பேரும் தட்டுகளோடு மாறி உட்கார்ந்திருந்தார்கள். "அப்பா, என் நிச்சயதார்த்தத்துக்கு நான் போறேன். நீ நடந்து வா," என்றாள் வந்தனா. நாணு பல்லைக் கடித்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

வழியெல்லாம் குழி. சிவப்புக் கார் ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறியது. தட்டில் ஒரு பாக்குக்கூட உருளவில்லை.

"தொட்டில் மாதிரின்னா இருக்கு!" என்றாள் ஷ்யாமளா. கட்டின மனைவியே எதிரி முகாமுக்குப் போய்விட்டதை நாணு கண்ணாடியில் பார்த்தார்.

"இது எவ்வளவு வேகம் போகும்?" என்று வெடுக்கென்று கேட்டார்.

"ரோடு எவ்வளவு குடுக்கோ, அவ்வளவு போவும் சார்."

முலுண்டில் சம்பந்தி வாசலிலேயே காத்திருந்தார். மாப்பிள்ளை நகுல் பெண்ணைப் பார்ப்பதற்கு முன் சிவப்புக் காரைப் பார்த்தான். டயரைத் தொட்டான். குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தான். "அங்கிள், செம மாடிஃபிகேஷன்! யார் பண்ணினது?"

சம்பந்தி நாணுவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய காரா வாங்கியிருக்கேள்னு யாரோ சொன்னா. எங்காத்துல கொஞ்சம் பயந்துண்டே இருந்தோம், ரொம்ப ஆடம்பரமான மனுஷாளோன்னு. இந்தச் சின்ன வண்டில வந்து இறங்கினேளே, இப்பத்தான் நிம்மதி. இது உங்களோடதுதானே?"

நாணு வாயைத் திறந்தார். ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் இரவல் வண்டியில் வந்தவன். வந்தனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

"சாரோட வண்டிதான் ஐயா," என்றார் பூலோகம், டிரைவரைப்போல ஓரமாக ஒதுங்கி நின்று. "சாவி மட்டும்தான் என்கிட்ட இருக்கு."

நிச்சயதார்த்தம் குறைவில்லாமல் நடந்தது. எல்லாரும் இனிப்பு சாப்பிட்டார்கள். நாணுவுக்கு மட்டும் ஒன்றும் இறங்கவில்லை. இனிமேல் அந்தக் கறுப்புக் காரை முலுண்ட் பக்கம் கொண்டுபோகவே முடியாது! எதற்காக வாங்கினாரோ அந்த ஒரு வாசலை ஒரே பொய்யில் அடைத்துவிட்டானே அந்த ஆள்!

மறுநாள் உச்சிப்பொழுதில், நடை சாத்தும் நேரத்தில் அவர் தனியாகக் கோயிலுக்குப் போனார். உள்ளே வேறு ஒருவரும் இல்லை. குருக்கள் சாவிக்கொத்தோடு வந்துகொண்டிருந்தார்.

"எல்லாம் உம்மால வந்தது ஓய்! பேரை மாத்திச் சொன்னீர். என் காரோட மூக்கு போச்சு, என் மானம் போச்சு, கடைசில என் காரையே நான் வெளியில எடுக்க முடியாம ஆயிடுத்து!"

"மாமா, கொஞ்சம் உட்காருங்கோ."

"உட்கார வரலை. இன்னிக்கு சாயந்திரம் சொசைட்டி மீட்டிங். மாடிஃபை பண்ணின வண்டி எதுவும் கேட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு தீர்மானம் போடப்போறேன். அந்தச் சிவப்புக் கார் ராத்திரிக்குள்ள தெருவுல நிக்கும். அவர் பண்ணின தப்புக்கு இல்லே, நீர் பண்ணின தப்புக்கு!"

குருக்களின் முகம் மாறியது. சந்நிதிப் பக்கம் திரும்பி, எதற்கோ மன்னிப்புக் கேட்பதுபோலக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார். இருந்தாலும் சொல்லிடறேன். நான் பேரை மாத்திச் சொல்லலை மாமா. அந்த வண்டிக்கு உங்க பேரைத்தான் சொல்லணும்னு பூலோகமே கேட்டுண்டார். மாசா மாசம் உத்திராடத்தன்னிக்கு உங்க பேர்ல அர்ச்சனை பண்றதும் அவர்தான். இதே மாதிரி ஆள் இல்லாத நேரமாப் பார்த்து வருவார்."

நாணுவின் கை, நீட்டிய விரலோடு அப்படியே நின்றது.

"எதுக்கு? எனக்கும் அந்த மனுஷருக்கும் என்ன?"

"என்னிக்கோ ஒரு நாள் சுனாபட்டி ஸ்டேஷன்ல ரயில் நின்னுபோய், பரீட்சைக்கு நேரமாச்சேன்னு அழுதுண்டு நின்ன ஒரு பொண்ணை, யார் எவர்னு கேக்காம உங்க பழைய ஸ்கூட்டர்ல ஏத்திக் கொண்டுவிட்டேளாமே மாமா; அவ பூலோகத்தோட பொண்ணு, இப்போ நர்ஸ், அந்தச் சிவப்புக் கார் அவ சம்பளத்துல அப்பாவுக்கு வாங்கிக் குடுத்தது."