மூக்கைத் தொட்டால் வீட்டுக்கு ஓடு

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுகிறவன் பத்திரிகைக்கு எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். சவுதியில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருந்த கீழக்கரை பாய் ஒரு நாள், "ஒம்பது வருசத்துல ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சவரெல்லாம் ஒரு மேனேஜரா?" என்று கேட்டுவிட்டார். அங்கே எனக்குப் பதில் வாயில் வரவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

பேஸ்பால் என்ற ஆட்டம் உண்டான நாளிலிருந்து, அதை எங்கள் மேனேஜரண்ணை அளவுக்குத் தப்பாகப் புரிந்துகொண்டவர் எந்த நாட்டிலும் இருந்திருக்க முடியாது. புரிந்துகொண்டது தப்பு என்று தெரிந்த பிறகும் அசராமல் ஒரு டீமை நடத்தியவர் நிச்சயமாக இல்லை.

அல் கோபாரில் அந்தக் கேம்ப்பில் அவருக்கு வேலை லாண்டரி. யாழ்ப்பாணத்துக்காரர். மேனேஜர் என்பது வெள்ளிக்கிழமை மட்டும் பார்க்கிற பதவி. கேம்ப்புக்குப் பின்னால், எப்போதோ அமெரிக்க இன்ஜினீயர்கள் போட்டுவிட்டுப் போன பேஸ்பால் மைதானம் ஒன்று இருந்தது. பிலிப்பைன்ஸ்காரர்கள் அதில் ஆடுவார்கள். எதிர்த்து ஆட ஆளில்லை, தமிழ் ஆட்கள் ஒரு டீம் சேர்க்க முடியுமா என்று கேட்டு வந்தார்கள். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அண்ணை மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இது எங்கட எல்லேதானே, எனக்குத் தெரியும்" என்றார்.

எல்லே இலங்கையில் ஆடும் ஆட்டம். கம்பால் பந்தை அடித்துவிட்டு மூலை மூலையாக ஓடிச் சுற்றி வரவேண்டும். ஓடுகிறவன் மேல் பந்தை எறிந்தால் அவன் அவுட். அது டென்னிஸ் பந்து. பேஸ்பாலில் பந்து கல் மாதிரி இருக்கும், ஆள் மேல் எறிகிற சட்டமும் கிடையாது. இந்த இரண்டு விவரமும் முதல் ஆட்டத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. முத்துவேல் உளுந்தூர்பேட்டைக்காரன், சாரம் கட்டுகிறவன், குறி தப்பாத கை. "எறியடா தம்பி" என்று அண்ணை சொன்னதும் எறிந்தான். பந்து விழுந்தது எதிர் டீம் கேப்டன் முதுகில். அவர்தான் எங்கள் சைட் ஃபோர்மேன். மனிதர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலமே அண்ணை அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கி, வெளுத்து, மடிப்பு எடுத்து, இரண்டு கையாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். ஃபோர்மேன் சிரித்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆட வந்தார். உள்ளே இரண்டு பனியன் போட்டுக்கொண்டு வந்தார்.

எங்கள் துணி எல்லாம் அண்ணையிடம் வெளுக்கப் போவதில் ஒரு தொல்லை இருந்தது. சனிக்கிழமை சட்டையை வெளுக்கப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை விசாரணை. "முழங்காலிலை ஒரு பொட்டு மண் இல்லை. நீ எங்கை விழுந்து பிடிச்சனி?" என்பார். சிலர் ஆட்டம் முடிந்ததும் ஓரமாகப் போய் மணலில் ஒரு முறை புரண்டுவிட்டு வருவார்கள். அதையும் கண்டுபிடித்துவிடுவார். புரண்ட மண் வேறு, விழுந்த மண் வேறாம்.

என்னை அவர் ஆடக் கூப்பிடவில்லை. கத்தி உற்சாகப்படுத்தவும் எனக்கு வாய் எழவில்லை என்று பார்த்துவிட்டு, "நீர் கத்த வேண்டாம், கையைத் தட்டும்" என்று மதில்மேல் உட்கார வைத்தார். ஒன்பது வருடம் கை தட்டினேன்.

பேஸ்பாலில் மேனேஜர் ஓரத்தில் நின்று உடம்பைத் தொட்டுத் தொட்டு ரகசியச் சைகை காட்டுவார் என்று யாரோ அண்ணையிடம் சொல்லிவிட்டார்கள். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று. காதைத் தொட்டால் நில். தொப்பியை எடுத்தால் ஓங்கி அடி. மூக்கைத் தொட்டால் வீட்டுக்கு ஓடு. ஓட்டம் முடிகிற மூலையை அவர் வீடு என்றுதான் சொல்வார். சிக்கல் என்னவென்றால், அந்த வெயிலில் மனிதர் சும்மாவே உடம்பெல்லாம் சொறிந்துகொண்டிருப்பார்.

ஒருமுறை அவர் மூக்கில் ஈ உட்கார்ந்தது. விரட்டினார். மூன்றாவது மூலையில் நின்ற முத்துவேல் தலைதெறிக்க ஓடிப்போய் அவுட்டானான்.

"ஏன்டா ஓடினனி?"

"நீங்கதானேண்ணே மூக்கத் தொட்டீங்க."

"அது ஈயடா. ஈ சொன்னாலும் ஓடுவியோ?"

அதன்பிறகு சட்டம் திருத்தப்பட்டது. தோளில் கிடக்கும் துவாயால், அதாவது துண்டால், மூக்கைத் தொட்டால் கணக்கில்லை. வெறுங்கையால் தொட்டால்தான் சைகை.

இப்படியே தோற்றுக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சண்டை ஓய்ந்து யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டது என்று செய்தி வந்தது. அண்ணை வேலையை முடித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்ப முடிவு செய்தார். வழக்கமாகத் தோற்றால், அடுத்த கிழமை பார்ப்பம் என்பார். கடைசி வாரம் அதைச் சொல்ல முடியாதே. "ஒருக்கா வெண்டு போட்டுப் போனால் நல்லா இருக்கும்" என்று மட்டும், துணி மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை எல்லார் முழங்காலிலும் நிஜமான மண். கடைசிச் சுற்றில் இரண்டு டீமும் சமம். முத்துவேல் மூன்றாவது மூலையில். பந்து எதிரணியின் எறிகிறவன் கையிலேயே இருந்தது. புத்தியுள்ள யாரும் ஓடுகிற நேரமில்லை அது. அண்ணை மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது மதில் வரைக்கும் தெரிந்தது. கையைத் தூக்கி மூக்கைத் தொட்டார்.

முத்துவேல் ஓடினான். இப்படி ஒருவன் ஓடுவான் என்று எதிர்பாராத எறிகிறவன் பதறிப்போய் எறிந்தான். பந்து வீட்டில் நின்ற ஃபோர்மேன் தலைக்கு மேலே போய் மதிலில் மோதியது. முத்துவேல் வீட்டில் விழுந்தான். ஜெயித்துவிட்டோம். முதலில் கை தட்டியது ஃபோர்மேன்தான். நான் தட்ட மறந்துவிட்டேன்.

பாய் இன்றுவரை சொல்வது, அது சைகையே இல்லை, அழுத மனிதர் மூக்கைத் துடைத்தார் என்று. இருக்கலாம். ஆனால் துவாய் தோளில்தான் கிடந்தது. நான் பார்த்தேன்.

சாயங்காலம் தம்மாம் ஏர்போர்ட்டுக்கு வேன் வந்து நின்றது. பெட்டியை ஏற்றும்போது, எனக்கே எப்படித் தைரியம் வந்தது என்று தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அண்ணை, அது சைகையா?"

பெட்டியை உள்ளே தள்ளிவிட்டுத் திரும்பினார். "இவ்வளவு காலத்திலை நீங்கள் சரியாய் விளங்கிக்கொண்டது அது ஒண்டுதான்" என்றார். வேன் திரும்பும்போது ஜன்னல் வழியாகக் காதைத் தொட்டுக் காட்டினார். காதைத் தொட்டால் நில். நாங்கள் எல்லோரும் வேன் மறையும் வரை நின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் சனிக்கிழமை, டியூட்டிக்குப் போனோம். சைட்டில் ஃபோர்மேன் ஏதோ யோசனையில் மூக்கைச் சொறிந்தார். முத்துவேல் இரண்டடி ஓடிவிட்டு நின்றான். யாரும் சிரிக்கவில்லை.