இரண்டாம் முறை கேட்ட பூ

கடவுள் சொல்வதைக் கேட்டு நடப்பவர்கள் உண்டு. தாம் நினைத்ததைக் கடவுள் சொல்லும்வரை விடாமல் கேட்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். (அதிலும் ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். கேட்கவே வேண்டாம்.)

பணி ஓய்வுக்குப் பிறகுதான் கார் ஓட்டக் கற்றேன், அதுவும் சேலத்துச் சமதரையில். பேத்திக்குப் பெயர் வைக்கும் விழாவுக்கு ஏற்காட்டு வீட்டிலிருந்து நானே மனைவி செல்லம்மாளை அழைத்துக்கொண்டு மலை இறங்குவதென்று தீர்மானித்தேன். மகன் வேண்டாம் என்றான். சாமியிடமே கேட்டுவிடலாம் என்று கிளியூர்ப் பக்கம் எங்கள் கோயிலுக்குப் போய்ப் பூப் போட்டுக் கேட்டேன். இலையில் மடித்த இரண்டு பொட்டலங்களில் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

சிவப்பு வந்தது.

"கேள்விய நாஞ் சரியாக் கேக்கலீங்க. இன்னொருக்காப் போடுங்க."

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாமிக்கே மறுபரீட்சைங்களா வாத்தியாரே?"

ஆனாலும் போட்டார். வெள்ளை! வீட்டில் செல்லம்மாளிடம் அதை மட்டும் காட்டினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலை, முதல் கொண்டை ஊசி வளைவிலேயே பனிமூட்டம். சாலையோரச் சுவருக்கு அப்பால் வெறும் வெள்ளை. பயத்தில் பிரேக்கை மிதித்த காலை நான் எடுக்கவே இல்லை. (உராய்வினால் வெப்பம் உண்டாகும் என்று ஆயுள் முழுக்கப் பாடம் நடத்தியவன்.)

"ஏனுங்க, என்னமோ கருகுதுங்க."

"அடுப்புல எதாச்சும் வெச்சுட்டு வந்துட்டியா?"

அவள் ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். அந்த நிதானம் என் பயத்தை இன்னும் கூட்டியது. என் ஒருவனை நம்பியல்லவா உட்கார்ந்திருக்கிறாள்!

அடுத்த வளைவில் பிரேக் சேற்றை மிதித்தாற்போல உள்ளே போனது. கார் நிற்கவில்லை. எதிரே அந்த வெள்ளை.

"சாமி! மொதல்ல சொன்னதுதான் சரி! ஒத்துக்கறேன்!" என்று அலறிக்கொண்டே கைப்பிரேக்கை இழுத்து மலைப்பக்கமாகத் திருப்பினேன். கார் சாலையோர ஓடைக்குள் சாய்ந்து நின்றது. குரங்குகள் வேடிக்கை பார்க்க வந்தன.

மூச்சு திரும்பியதும் செல்லம்மாளிடம் உண்மையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"தெரியுமுங்க. பூசாரி அன்னைக்கே போன் பண்ணிட்டாரு."

"அப்பறம் எதுக்கு ஏறுன?"

"நானும் போய்ப் பூக் கேட்டேன். போலாமான்னு கேக்கலீங்க, நீங்க எப்படியும் போவீங்க. ரெண்டு பேரும் உசுரோட ஊடு திரும்புவமான்னு கேட்டேன். வெள்ளை. ஒருக்காத்தான் கேட்டேன்."

அப்போதுதான் கவனித்தேன். அந்த ஆரஞ்சு அவள் கைக்குள் கூழாகியிருந்தது. சாறு முழங்கை வரை வழிந்திருந்தது.

விழாவுக்குப் பஸ்ஸில் போனோம். கார் சாவி இப்போது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. என் கை அந்தப் பக்கம் போனால் போதும், பேசக் கற்றுக்கொண்ட பேத்தி, "தாத்தா, செவப்பு!" என்கிறாள்.

நான் இன்னொரு முறை கேட்பதில்லை.